பதினோராம் நம்பரின் விரல்

மனிதர்களை வாய் திறக்கவிடாமல் விரலை மட்டும் விசாரிப்பது எங்கள் தொழில். கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பாதியிலேயே தலையாட்டத் தொடங்குவீர்கள்.

நாளிதழ் ஒன்றில் பதினைந்து வருடம் செங்கல்பட்டு நிருபராக இருந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பதிப்பை மூடிவிட்டார்கள். குற்றவியல் உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த மலர்விழி என்னைக் கள உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அடிதடி வழக்கில் சிக்கி, சிறைக்குப் போகாமல் நன்னடத்தைப் பிணையில் வெளியே இருப்பவர்கள்தான் எங்கள் ஆட்கள். மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போட வருவார்கள். அங்கேயே ஓர் அறையில் லேப்டாப்போடு காத்திருப்போம்.

முதல் பலி

சோதனை எளிது. திரையில் ஒவ்வொரு சொல்லாக வரும். அது ‘நான்’, ‘மற்றவர்’, ‘அடிதடி’, ‘சமாதானம்’ என்ற நான்கில் எந்த வகை என்று பார்த்து விசையை அழுத்த வேண்டும். வகை நான்கு, விசை இரண்டு: இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று. ஒரு சுற்றில் ‘நான்’ வகைக்கும் ‘சமாதானம்’ வகைக்கும் ஒரே விசை. அடுத்த சுற்றில் ‘நான்’ வகையும் ‘அடிதடி’ வகையும் ஒரே விசைக்கு வந்துவிடும். எந்தச் சுற்றில் விரல் தயங்காமல் ஓடுகிறதோ, அந்த ஜோடி மனதுக்குப் பழக்கமானது என்று கணக்கு.

ஒத்திகைக்கு என்னை உட்கார வைத்தார் மலர்விழி. ஒரு ஈயைக்கூட அடிக்காதவன் நான். என் விரல் அடிதடிச் சுற்றில்தான் பறந்தது. மலர்விழி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பதினஞ்சு வருஷம் வெட்டு, குத்துன்னே எழுதியிருக்கீங்க சார். உங்க விரலுக்கு அதுதான் சொந்த ஊரு.”

அவசரமில்லாதவர்கள்

‘யோசிக்காமல் சீக்கிரம் அழுத்தவும்’ என்பது முதல் விதி. எங்கள் ஆட்களிடம் அது எடுபடவே இல்லை. கருங்குழியிலிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் பத்திரப் பதிவு போலப் படித்தார். கணினி அவரை மெதுவானவர் பட்டியலில்கூடச் சேர்க்காமல் வெளியே தள்ளியது. கொஞ்சம் வேகமாக அழுத்துங்கள் அண்ணே என்று கெஞ்சினேன்.

“ஸ்டேஷன்ல சீக்கிரம் பதில் சொல்லித்தான் சார் இங்க வந்து உக்காந்துகினு கீறேன்” என்றார்.

பதினோராம் நம்பர்

நெம்மேலியிலிருந்து வந்தவன் தேவராஜு. வலைத் தகராறில் ஒருவரைத் துடுப்பால் அடித்துத் தோள்பட்டையை உடைத்தவன். ஒரு வருடப் பிணை முடியப்போகிறது. கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு டிரைவர் வேலை பேசி வைத்திருந்தான். வேன் முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நன்னடத்தை அலுவலரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

அதனால் லேப்டாப்பைக் கண்டதும் பயந்தான். பெயர் பதிவாகாது, நீ வெறும் பதினோராம் நம்பர், முடிவு யாருக்கும் போகாது என்று மலர்விழி மூன்று தடவை சொன்னார். அவன் என் பக்கம் குனிந்து, “இந்தப் பொட்டி என்னப் பத்தி எதுனா போட்டுக் குடுத்துச்சு, பொழப்பு போச்சு அண்ணாத்த” என்றான்.

கை மாறிய கதை

பாதிப் பேருக்கு ‘நான்–சமாதானம்’ ஜோடி இடப்பக்க விசையில், மீதிப் பேருக்கு வலப்பக்கத்தில் என்பது ஆய்வு முறை. இருபது பேர் முடிந்ததும் பார்த்தால், இடப்பக்கக்காரர்கள் அத்தனை பேரும் சமாதானம் என்றாலே தயங்கும் கொடூரர்களாகத் தெரிந்தார்கள். தேவராஜுவும் அந்தப் பட்டியலில்தான். மலர்விழி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவரே அவனை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தார்.

தொந்தரவு கூடாதென்று நாங்கள் எப்போதும் எதிர்ப்பக்கம்தான் உட்காருவோம். முகம் தெரியும், கை தெரியாது. அன்று டீ கொடுக்க அவன் பக்கம் போனேன். சமாதானச் சொல் வரும்போதெல்லாம் அவன் வலக்கை குறுக்கே தாவி இடப்பக்க விசையை அழுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தாவலுக்கு ஆன நேரத்தைத்தான் கணினி தயக்கமாக எண்ணியிருக்கிறது. இரண்டு கையாலும் டைப் அடித்துப் பழகிய எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. ஏன்டா இப்படி என்று கேட்டேன்.

“இன்னா அண்ணாத்த, அன்பு, சாந்தின்னு வருது, அத போய் பீச்சாங்கையால தொடச் சொல்றியா?”

இருபது பேருக்கும் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை வலக்கையின் இரண்டு விரல்கள் மட்டும்.

அலுவலரின் முறை

கடிதம் எழுதும் நாள் வந்தது. அலுவலர் எங்கள் அறைக்கு வந்து, தேவராஜுவின் முடிவைக் காட்டச் சொன்னார். குழந்தைகள் ஏறும் வண்டியாயிற்றே, அவர் பயம் அவருக்கு. வெளியே பெஞ்சில் தேவராஜு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

மலர்விழி மறுத்தார். வாக்குக் கொடுத்திருக்கிறோம், தவிர, இது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும், ஒரு தனி ஆளுக்குத் தீர்ப்பு எழுதாது என்றார். அலுவலர் நம்பவில்லை. “அப்ப நீங்களே ஒரு தடவை உக்காருங்க சார்” என்றார் மலர்விழி. அவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் அவருடைய விரல் அடிதடியோடு அமோகமாகச் சேர்ந்துகொண்டது. இருபது வருடம் குற்றக் கோப்பு படித்த விரல். முடிவைப் படித்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

மேசைக்குப் போய், ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தான், ஒரு புகாரும் இல்லை என்று தான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நீட்டும்போது எங்களிடம் சொன்னார்: “இந்தப் பொட்டியக் கேட்டுத்தான் எழுதணும்னா, மொதல்ல எனக்கு யாருய்யா நன்னடத்தை லெட்டர் குடுப்பா?”

வேனில்

சில மாதம் கழித்து, மாமல்லபுரம் சாலையில் மஞ்சள் வேன் ஒன்று என் அருகே நின்றது. உள்ளே பிள்ளைகளுக்குள் தண்ணீர் பாட்டிலால் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தேவராஜு, முகமெல்லாம் பல்.

“அண்ணாத்த, மேடத்த இட்டாந்து இதுங்களுக்கு அந்த டெஸ்ட்ட வெக்கச் சொல்லு. நான் எவ்ளோ சாதுன்னு அப்பத் தெரியும்!”

ஆய்வின் முடிவு என்ன என்று கேட்பவர்களுக்கு: ‘மேலும் ஆராய வேண்டியுள்ளது’ என்று சொல்ல மலர்விழிக்கு இருநூறு பக்கம் ஆயிற்று, தேவராஜுவின் விஷயம் அலுவலரின் நாலே வரிக் கடிதத்தில் முடிந்துவிட்டது.