மேப்பில் இல்லாத கிணறு

திண்டிவனம் ஹாஸ்டல், 1986

இன்று பஸ்ஸில் செய்த காரியத்தை நானே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட இது மேல்.

விழுப்புரத்தில் ஏறி மண்டகப்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். குகைக்கோயிலுக்குப் போன பழைய வண்டிப்பாதையைத் தேடி, புரொபசர் தன் பொறுப்பில் எடுத்துத் தந்த லைப்ரரியின் சர்வே மேப்பை மடியில் விரித்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்து மேப்.

பக்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையோடு ஓர் அக்கா.

"புது ரோடு எங்க வருது தம்பி?"

"ரோடு இல்லீங்க. இது பழைய மேப்பு."

அவர் ஊர்ப் பெயரைக் கேட்டு, அதை மேப்பில் காட்டினேன். அவர் விரல் ஏரிக்கரையிலிருந்து மெல்ல நகர்ந்து நின்றது.

"இங்கதான் எங்க கெணறு. காணோமே?"

"மேப்பு போட்டப்புறம் வெட்டியிருப்பீங்க."

"அப்ப கெணறே இல்லன்னு சர்க்காரு எழுதிக்கினு போயிடுச்சா? நாளைக்கு ரோடு போட வந்தா, வெறும் கொல்லி, காலி நெலம்னு புடுங்கிக்குவாங்களே!"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஊர் வந்தும் இறங்கவில்லை.

"ஜல்தி எறங்கும்மா, பேஜாரு பண்ணாத" என்றார் கண்டக்டர்.

"நீ கெணத்தப் போட்டுடு தம்பி, எறங்கிடறேன்."

போட்டேன். சின்ன நீல வட்டம். பால்பாயின்ட் பேனாவில்.

நாளை மேப்பைத் திருப்பித் தர வேண்டும். புரொபசர் விரித்துப் பார்த்துத்தான் வாங்குவார். சோதனைக்கு ஓரத்தில் அதே பேனாவால் ஒரு கோடு போட்டு ரப்பரால் அழித்துப் பார்த்தேன். தாள் கிழிந்துவிட்டது. கிணறு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள். தயவுசெய்து பென்சிலில்.