நடுவிரலில் அம்மா

எழுபதுகளின் கடைசியில், எறணாகுளத்துக்கு எதிர்க்கரையில், கொச்சங்காடிச் சுக்குக் கிடங்கில் மூட்டை கட்டும் இரும்புப் பட்டை தெறித்து அப்பாவின் வலது மணிக்கட்டை அறுத்தது. டாக்டர் நரம்பைத் தைத்துவிட்டு, அது மெல்லத்தான் வளரும் என்றார். கையைத் தட்டினால் சுரீரென்று எங்கே வருகிறதோ, அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தமாம். கோணி ஊசி குத்தினாலும் தெரியாத விரல்களை வைத்துக்கொண்டு அப்பா எப்படிச் சாக்கு தைப்பார்?

தினமும் காலையில் அம்மா தட்டுவாள். சுரீரென்ற இடத்தில் கண்மையால் ஒரு பொட்டு வைப்பாள். அக்கம்பக்கத்தார் அதைத் திருஷ்டிப் பொட்டு என்று நினைத்தார்கள். அதுக்கும் ஆகட்டும் என்றாள் அம்மா. பொட்டு உள்ளங்கையைக் கடந்து விரலடிக்கு வந்தபோது மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கடைசிப் பொட்டை அப்பா வெகுநாள் கழுவவில்லை.

பிறகு தட்டுவது என் வேலையானது. பொட்டு விரல் நுனியை எட்டிய ஒருநாள், உணர்ச்சி வந்துவிட்டதா என்று பார்க்க அவரைக் கண்ணை மூடச் சொல்லி நடுவிரல் நுனியைப் பிடித்தேன். அப்பாவின் முகம் மாறியது.

"உங்கம்மா வந்திருக்கா. பெருவிரலப் பிடிச்சிருக்கா."

வறண்ட ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த அம்மாவுக்குத் தண்ணீரென்றால் நடுக்கம். எறணாகுளம் போகும் படகில் ஏறியதும் அப்பாவின் அந்தப் பெருவிரலைத்தான் இறுகப் பிடித்துக்கொள்வாள்.

அப்பா வேலைக்குத் திரும்பினார். வீட்டில் அம்மா இருந்தாள். டம்ளரை எடுக்கும்போது சட்டென்று நின்று பெருவிரலைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. என்னை மட்டும் அவள் தொடவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

எண்பதுகளில் கல்லூரியில் விலங்கியல் படித்தபோது விஷயம் விளங்கியது. கருவில் வளரும் நரம்பின் நுனி தடவித் தடவிப் போகிறது. வழியில் சில ரசாயனங்கள் அதை வா என்று இழுக்கின்றன, சில போ என்று விரட்டுகின்றன. அப்படி மோப்பம் பிடித்தே தன் இடத்தைச் சேர்கிறது. அறுந்து மறுபடி வளரும் நரம்புக்கு அந்த அடையாளங்கள் போதுவதில்லை. பெருவிரலுக்குரிய இழை நடுவிரலுக்குள் நுழைந்துவிடும். மூளையோ பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

படித்த திமிர் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அன்றைக்கே ஓடிவந்து சொன்னேன்.

"அம்மாவும் இல்ல, ஆவியும் இல்லப்பா. நரம்புக்கு வழி தெத்திப் போச்சு, வேற விரலுக்குள்ள போயிடுச்சு, அவ்வளவுதான்."

ஒவ்வொரு விரலாகத் தொட்டு நிரூபித்தும் காட்டினேன். அவர் "அப்ப சரி" என்று கையை மடியில் ஒதுக்கிக்கொண்டார். அதற்குப்பின் பெருவிரலை அவர் பார்க்கவேயில்லை. அம்மா செத்த அன்றைவிட அன்றுதான் வீடு காலியானது. அந்தக் கோணி ஊசியால் என் வாயைத் தைத்திருக்கலாம்.

மறுமாதம் இருவரும் எறணாகுளம் படகில் போனோம். நடுக்காயலில் படகு ஆடியது. அப்பா தண்ணீரைப் பார்த்தபடியே வலது கையை என் மடியில் வைத்தார்.

"மோளே, நடுவிரலக் கொஞ்சம் இறுக்கிப் பிடி. கரை வர்ற வரைக்கும் விடாத."