பவளத்தக்காவின் சம்மட்டி ஓய்ந்த வருடம்

சாம்பசிவம் ஆசாரிக்குக் கோபம் மூக்கு நுனியில். மலேசியாவில் ரிங்லெட் ஊருக்கு மேலே, மலையில் இருந்த எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் கத்திகளை எல்லாம் அவர்தான் அடித்தார். கத்தி கேட்டுப் போனால் முதலில் ஈரக் களிமண் உருண்டையை நீட்டி, "புடி, இறுக்கிப் புடி" என்பார். அதில் பதிந்த அச்சைப் பார்த்துத்தான் கொய்யாக் கட்டையில் கைப்பிடி செதுக்குவார். ஒருவர் கத்தி இன்னொருவர் கைக்கு உட்காராது.

அந்தப் பெருமையில் பாதி அவர் மனைவி பவளத்தக்காவுக்குச் சேர வேண்டியது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குறட்டில் பிடித்து, சின்னச் சுத்தியலால் ஆசாரி இடம் காட்டுவார். அந்த இடத்தில் சம்மட்டியை இறக்குவது அக்கா. கல்யாணமாகி வந்த மறுமாதமே பிடித்த சம்மட்டி. ஆனாலும் எல்லோரும் "ஆசாரி கத்தி" என்றுதான் சொன்னோம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

எழுபத்தெட்டாம் வருடம் அக்காவின் வலது தோள் விழுந்துவிட்டது. மகளுக்குத் தலைவாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. "இனிமே சம்மட்டியத் தொட்டீங்கன்னா கை அவ்வளவுதான்" என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சம்மட்டி இல்லாமல் பட்டறை இல்லை. பட்டறை இல்லையென்றால் தோட்டத்து வீடும் இல்லை. ஆசாரிக்குச் சோறு இறங்கவில்லை.

வழி கண்டுபிடித்ததும் அக்காதான். கீழே தாப்பா டவுனில் ஒரு சீனத் தவுக்கே, பட்டறை முதலாளி, தன் பழைய மோட்டார் சம்மட்டியை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, தோட்டச் செலவில் வாங்கித் தரும்படி நேரே தோட்டத்துத் துரையிடம் போய்ப் பேசினார். லாரியில் அது வந்து இறங்கியது.

"மெஷின்ல அடிச்ச கத்திய எவன் தொடுவான்?" என்று ஆசாரி குதித்தார்.

"அப்ப ரெண்டு பக்கமும் நீங்களே நின்னு அடிங்க" என்றார் அக்கா.

ஆசாரியின் பயத்துக்கும் காரணம் இருந்தது. முன்பு ஒருமுறை ஆபீசில் கம்பெனிக் கத்திகளை வரவழைத்தார்கள். கிளை அறுபடாமல் பட்டை உரிந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், தரையில் வைத்துத்தான் எடுப்போம். வேண்டாத கத்தியைத் திருப்புவதும் அப்படித்தான். அன்று மத்தியானமே அத்தனை கத்தியும் ஆபீஸ் வாசலில் கிடந்தது.

அதனால் அந்த வருடக் கவாத்துக்கு ஆசாரி யாரிடமும் சொல்லாமல் மோட்டாரில் அடித்தார். தேயிலை ஆலை ஓடும் நேரமாகப் பார்த்து, அந்த இரைச்சலில் இதை மறைத்தார். பெரிய ரகசியம்! கத்திகளைத் தரையில் வைத்துக் கொடுத்தபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கவாத்து தொடங்கிய அன்று காலையிலேயே வேலப்பன் மலையிறங்கி வந்தார். வெட்டுவதில் கெட்டிக்காரர், குறை சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். கத்தியைப் பட்டறை வாசலில் தரையில் வைத்தார்.

ஆசாரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஆமாடா, மெஷின்ல அடிச்சதுதான்! அவளுக்குக் கை போயிருச்சு. என்னைய என்னதான்டா பண்ணச் சொல்றே?" என்று கத்தினார்.

வேலப்பன் திருதிருவென்று விழித்தார். "அது தெரியும்லா அண்ணே. அண்ணி சம்மட்டிச் சத்தம் நின்னு எத்தன நாளாச்சு? எங்களுக்குக் காது இல்லையா? இது ராமையா கத்தி. அவனுக்குச் சுண்டுவிரல் இல்ல, அந்தப் பிடியில என் கை எப்படி உட்காரும்? மாத்திக் குடுத்துட்டீங்க."

"இரும்பு?"

"இரும்புக்கு என்ன? எல்லாரும் வெட்டித் தள்ளிக்கிட்டு இருக்காங்க. நானும் ராமையாவும்தான் சும்மா நிக்கிறோம்."

ஆசாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. "மோட்டாரு ஒழுங்காத்தான் அடிச்சிருக்கு. பயந்துக்கிட்டே கத்தி குடுத்த ஆளுதான் தப்புப் பண்ணியிருக்காரு!"

தோளுக்கு ஓய்வு கிடைத்ததில், அந்தத் தீபாவளிக்கு அக்கா தன் கையாலேயே மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். ஒரு பக்கம் கோணல்தான். ஆனாலும், அத்தனை நாளும் ஆசாரி போட்டுவிட்ட பின்னலைவிட எவ்வளவோ மேல். ஆசாரி வாசற்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே அழுதார். யாராவது கிண்டல் செய்தால் சண்டைக்கு வருவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் வரவில்லை. மகளைக் கூப்பிட்டு, அந்தக் கோணல் பின்னலை இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவுத்துடாதே" என்றார்.