கூட வந்தவர்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கண், காது, மூக்கு வைத்துச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. இதற்கு அது தேவையும் இல்லை.

இது என் அண்ணிக்கு நடந்தது. அவரே சொல்லக் கேட்டது. அண்ணி கதை கட்டுகிற ரகமில்லை. பேய்ப் படம் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் மட்டும் கட்டில் மேல் ஏறிவிடுவார். அப்படிப்பட்டவர், இதைச் சொல்லும்போது இரண்டு முறை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பெரிய கட்டடங்களுக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்பது அண்ணியின் வேலை. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து ஒரு புகார் வந்தது. தரைக்கு அடியில் இருக்கும் கிடங்கில் காற்றை வெளியேற்றும் ஃபேன் நிற்கவே மாட்டேன் என்கிறது. இரவு பகல் பாராமல் ஓடுகிறது. இரைச்சல் தாங்காமல் பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒரு சென்சார் உண்டு. ஆள் உள்ளே போனால் ஒன்று கூடும், வெளியே வந்தால் ஒன்று குறையும். அறையில் ஆள் இல்லையென்றால் விளக்கு, ஃபேன் எல்லாம் தானாக அணைந்துவிடும். இதையெல்லாம் நடத்துவது ஒரு ஸ்கிரிப்ட். அதை வரி வரியாகப் படித்துச் செய்து முடிக்கிற இன்டர்பிரட்டர் வருடக் கணக்காக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுல ஒரு வசதி உண்டு. ஓடிட்டிருக்கும்போதே தோளைத் தட்டி, இப்ப உன் மனசுல என்ன இருக்குன்னு கேட்கலாம். நிறுத்த வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி காட்டும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் அண்ணி.

விடுமுறை நாள் பார்த்துத்தான் போனார். ஆட்கள் இருந்தால் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசலில் ஒரு காவலாளி. ஐந்தாம் மாடியில் கட்டுப்பாட்டு அறை. சன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு சுழல் நாற்காலிகள், குளிரூட்டியின் முனகல். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அண்ணி மடிக்கணினியை இணைத்து, ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்பிரட்டருக்குள் நுழைந்தார். எந்த அறையில் எத்தனை பேர் என்று கேட்டார்.

கட்டுப்பாட்டு அறை: 1. அது அண்ணி.

வாசல்: 1. அது காவலாளி.

மற்ற எல்லாம் பூஜ்யம். கிடங்கைத் தவிர.

கிடங்கு: 1.

அட, இவ்வளவுதானா என்று அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. எப்போதோ யாரோ வெளியே வந்தபோது சென்சார் கோட்டைவிட்டிருக்கும். இல்லாத ஆளுக்கு ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒன்றைத் திறந்து பார்த்தார். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் மெமரியில் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது அவருக்கென்று ஒரு பதிவு, இருக்கும். எந்தக் கதவு வழியாக வந்தார், எப்போது வந்தார், ஒட்டிக்கொண்டு கூட வந்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

எந்தக் கதவு: காலி.

எப்போது: ப்ரோக்ராம் முதன்முதலில் ஓடத் தொடங்கிய அதே நொடி.

சிரிப்பு நின்றது. கதவைத் தாண்டினால்தான் அந்த ஆப்ஜெக்ட் பிறக்கும். வேறு வழியே இல்லை. ஸ்கிரிப்டை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தார். இது எந்தக் கதவையும் தாண்டவில்லை. எண்ணத் தொடங்கியபோதே உள்ளே இருந்திருக்கிறது.

மேசையிலிருந்த இன்டர்காமை எடுத்துக் காவலாளியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, கிடங்குல யாராவது இருக்காங்களா?"

"அங்க யாரு மேடம் இருப்பா? பூட்டித்தான் கிடக்கு."

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?"

முனகிக்கொண்டே போனார். அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பூஜ்யமானது. கிடங்கு இரண்டானது. சரிதான். சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

இன்டர்காம் ஒலித்தது. கிடங்கிலிருந்துதான்.

"உடைஞ்ச மேசையும் நாற்காலியுந்தான் மேடம். எலி கூட இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"மூலை முடுக்கெல்லாம் பாத்தாச்சு. மேல வந்து சொல்றேன்."

வைத்துவிட்டார்.

திரையில் எண்கள் மாறின.

கிடங்கு: 0.

கீழ்த்தளத்து நடைவழி: 2.

அண்ணி கண்களைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். இரண்டுதான்.

நடைவழி: 0. லிஃப்ட்: 2.

சென்சார் கோளாறு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். ஒரு கதவில் கோளாறு இருக்கலாம். எல்லாக் கதவிலும் அதே கோளாறா...?

மெமரியில் எந்த ஆப்ஜெக்டும் தானாக நிலைத்திருக்காது. வேறு ஏதாவது ஒன்று அதைக் குறித்து வைத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடி விட்டுப்போனால் இன்டர்பிரட்டர் துடைத்துப் போட்டுவிடும். அதனால் அண்ணி கேட்டார்: கிடங்கில் இருந்த அந்த ஒன்றை யார் பிடித்திருக்கிறார்கள்?

பதில் வந்தது. காவலாளியின் ஆப்ஜெக்ட். 'கூட வந்தவர்' என்ற இடத்தில்.

வெளியே லிஃப்ட் திறக்கும் ஓசை கேட்டது.

ஐந்தாம் மாடி நடைவழி: 2.

காலடிச் சத்தம். ஒருவருடையதுதான்.

கதவு திறந்தது. காவலாளி நின்றார். பின்னால் யாரும் இல்லை.

கட்டுப்பாட்டு அறை: 3.

"என்ன மேடம், முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"தனியாதான் வந்தீங்களா அண்ணே?"

"பின்ன? வேலை நேரத்துல பொண்டாட்டியையா கூட்டிட்டு வருவேன்?"

அவர் சிரித்தார். அண்ணியால் சிரிக்க முடியவில்லை. இருங்கள் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் வாசலை விட்டு ரொம்ப நேரம் இருக்க முடியாது என்று சொல்லிக் காவலாளி கிளம்பிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது.

எண் குறைந்தது.

மூன்றிலிருந்து... இரண்டு.

அத்தோடு நின்றுவிட்டது.

குளிரூட்டி முனகிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கழுத்தைத் திருப்பாமல் விரல்களை மட்டும் அசைத்தார்.

யார் பிடித்திருக்கிறார்கள்?

அண்ணியின் ஆப்ஜெக்ட்.

'கூட வந்தவர்' என்ற இடத்தைக் காலியாக்கி எழுதினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றி எழுதலாம். எழுதினால் பிடி விட்டுப்போகும். போயிருக்க வேண்டும்.

மறுபடியும் கேட்டார்.

அண்ணியின் ஆப்ஜெக்ட்.

இன்னொரு தடவை காலியாக்கினார். இன்னொரு தடவை கேட்டார்.

அதே பதில்.

இனி ஒரே வழிதான். இன்டர்பிரட்டரையே நிறுத்துவது. நிறுத்தினால் மெமரி மொத்தமும் போய்விடும். புதிதாக ஓடும்போது எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தான் உள்ளே இருப்பதுகூட அதற்குத் தெரியாது. கதவைத் தாண்டினால்தானே தெரியும்? எண் பூஜ்யமானால் இந்த அறை விளக்கும் அணைந்துவிடும். கும்மிருட்டாகும். அது தெரிந்துதான் செய்தார்.

நிறுத்தினார். மறுபடியும் ஓடவிட்டார். இருட்டுக்குப் பயந்து கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்று... இரண்டு... மூன்று...

கண்ணைத் திறந்தார்.

விளக்கு அணையவில்லை.

திரையைப் பார்த்தார். வாசல்: 0. காவலாளி அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் பூஜ்யம். கிடங்கு: 0. லிஃப்ட்: 0. எல்லாம் பூஜ்யம்.

கட்டுப்பாட்டு அறை: 1.

அந்த ஒன்று அண்ணி இல்லை.

பக்கத்து நாற்காலி லேசாக... கிரீச் என்றது.

செருப்பு எங்கே, பை எங்கே என்று பார்க்கவில்லை. லிஃப்ட் பக்கமே போகாமல் ஐந்து மாடிப் படிகளையும் ஓடியே இறங்கினார். காவலாளி "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. தெருவில் பளீரென்று வெயில். ஆட்கள், வண்டிகள், ஹாரன் சத்தம். வெறுங்காலோடு நின்று மூச்சு வாங்கினார். அப்பாடா, கட்டடம் பின்னால் போய்விட்டது என்று நினைத்தாராம்.

மறுநாள் காய்ச்சல். படுக்கையில் இருந்தபோது அவருடைய மேலதிகாரி போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர். குரலில் ஒரே உற்சாகம்.

"பிரமாதம்மா! ஃபேன் நின்னுபோச்சு. நேத்துலேருந்து ஓடவே இல்ல. இவ்வளவு நாளா யாராலயும் முடியலையே, என்ன பண்ணுனீங்க?"

"சும்மா... ஒரு தடவை நிறுத்தி ஓட்டினேன் சார்."

"கெட்டிக்காரிதான் போங்க. ஆமா, கூட யாரையாவது கூட்டிட்டுப் போயிருந்தீங்களா?"

"இல்லையே சார். ஏன்?"

"இப்பத்தான் ப்ரோக்ராமுக்குள்ள பூந்து பாத்தேன். வாசக் கதவுல நேத்து நீங்க கிளம்பின நேரத்துக்கு வெளிய போனது ரெண்டுன்னு காட்டுது. காவலாளியைக் கேட்டா, அந்த நேரத்துல தான் நகரவே இல்லைங்கிறார். அதான் கேட்டேன். எதுவா இருந்தா என்ன, கிடங்கு காலி!"

அண்ணி அந்த வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஏன் விட்டார் என்று அண்ணனுக்குக்கூட இன்றுவரை சொல்லவில்லை. என்னிடம் சொன்னதற்கும் காரணம் உண்டு. நானாகக் கேட்டதால்தான் சொன்னார்.

குடும்பத்தோடு எங்கே போய்விட்டு வந்தாலும் எங்களையெல்லாம் முன்னால் அனுப்பிவிட்டு அண்ணி கடைசியாகத்தான் வீட்டுக்குள் வருவார். "நீங்க போங்க, நான் பின்னால வரேன்" என்பார். மருமகளுக்கு என்ன மரியாதை என்று அம்மாவுக்குப் பெருமை தாங்காது. நான் கவனித்தது வேறு. உள்ளே வந்ததும் அண்ணி கதவைச் சாத்த மாட்டார். கதவைப் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நிற்பார். இன்னொருவர் நுழைய எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நிற்பார். அப்புறம்தான் மெல்லச் சாத்துவார்.

"யாருக்கு அண்ணி கதவைப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்று அன்றைக்கு விளையாட்டாகத்தான் கேட்டேன். கதை முழுவதையும் சொல்லி முடித்தார். நான் விடவில்லை. இன்னொன்றும் கேட்டேன்.

"சட்டுனு சாத்திட வேண்டியதுதானே அண்ணி? வெளியவே போகட்டுமே?"

அண்ணி வாசல் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு தடவை சாத்திப் பாத்தேன்."