உள்ளடையாளம் கேட்கும் சௌடையா

கொண்டுவந்த டிரம்மை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த ஆளின் செருப்பைக் குனிந்து பார்க்கிறார் சௌடையா. பரளச்சியிலிருந்து வருவதாகச் சொன்னவரின் செருப்பில் கரிசல் மண் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருக்கவில்லை. பஸ்ஸில் வந்தேன், கால் எங்கே தரையில் பட்டது என்கிறார் வந்தவர். "பஸ்ஸு உங்க வீட்டு வாசல்லயா வந்து ஏத்துச்சு?" என்று அடுத்த கேள்வி பிறக்கிறது. விசாரணை நீண்டுகொண்டே போகிறது. டிரம்முக்கு இன்னும் முறை வரவில்லை.

கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்கு முன்வரிசையில், தோளில் மாட்டி இரண்டு குச்சிகளால் சடசடவென்று அடித்துப் போவார்களே, அந்தச் சின்ன டிரம்மைப் பேண்டுக்காரர்கள் 'சைடு டிரம்' என்பார்கள். அதிலும் பழைய பித்தளை டிரம் என்றால், அருப்புக்கோட்டை சுற்று வட்டாரத்தில் எல்லாரும் சௌடையாவிடம்தான் வருகிறார்கள். அறுபது வயது. காலையில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு முன்னறையில் டிரம். இளவயதில் அவரும் பேண்டு செட்டில் அடித்தவர்தான். பேண்டு மாஸ்டர் கணக்கில் தில்லுமுல்லு செய்கிறார் என்று சந்தேகப்பட்டு விலகிவிட்டார். செய்தாரா என்று கேட்டேன். "செய்யலைன்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

வேலையில் அவருக்கு ஆகாத பொருள் எலுமிச்சம்பழம். பித்தளையை ஒரே தேய்ப்பில் பொன்னாக்கிவிடும், ஒரே மாதத்தில் கறுத்துப்போகும். "உடனே பளபளன்னு காட்டுற எதையும் நம்பாதீக சார்" என்று என்னை ஏதோ குற்றவாளி போலப் பார்த்துச் சொன்னார். துருவேறிய திருகுகளுக்கு மண்ணெண்ணெயும் தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷும். பித்தளை உடம்புக்குத் தறிக்கூடத்துக் கழிவு நூல். அதைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் தேய்க்கிறார். பச்சைக் களிம்பு கரைந்து அடியிலிருந்து மங்கலான மஞ்சள் எழும்பி வரும்போது மட்டும் அவர் முகத்தில் சந்தேகம் கொஞ்சம் இளகுகிறது. அடித்தோலுக்குக் கீழே ஓடும் சுருள் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்ப்பார். ஊமையாகிப் போன கம்பியைத் திட்டுவார்.

இவ்வளவு நேரமும் டிரம்மின் சொந்தக்காரர் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதுதான் சௌடையாவின் சட்டம். கழற்றிய திருகுகளை வெள்ளைத் துண்டில் வரிசையாக வைப்பார். சொந்தக்காரர் பார்க்க வேண்டும். நாளைக்கு வந்து, என் திருகை மாற்றிவிட்டாய் என்று சொல்லக்கூடாதாம். காப்பி முக்காலிக்கே வரும். அவசரத்துக்கு எழுந்துபோக வேண்டியிருந்தால் திருகுகள் துண்டோடு முடிச்சாகும், சௌடையாவும் கொல்லைவரை கூடவே நடந்து போவார்.

வந்தவர்களுக்கும் அவர் மேல் சந்தேகம் உண்டு. வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். நம்மைப் பற்றித்தான் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று நினைப்பார்களே என்று, ஆள் இருக்கும்போது மனைவி சௌடம்மாளிடம் தமிழில்தான் பேசுவார். "இவுக என்கிட்ட தமிழ் பேசுனா வெளிய யாரோ உக்காந்திருக்காகன்னு அர்த்தம்" என்று அந்த அம்மா சிரிக்கிறார். என் மீதும் விசாரணை நடந்தது. இவ்வளவு பெரிய பத்திரிகை தன்னைப் பற்றி ஏன் எழுத வேண்டும், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாள் முழுக்கக் கேட்டார். என் செல்போன் கவிழ்த்து வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் ஒரு துண்டும் போடப்பட்டது.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் காரியாபட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் கொண்டுவந்த டிரம்மை, கண்ணாடிபோலத் துடைத்துக் கொடுத்தார். அது திருட்டு டிரம். போலீஸ் வந்து இவரை அழைத்துப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார வைத்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த வழியாகப் போய் வந்தார்கள். "ரெண்டு அடி அடிச்சிருந்தா மறந்திருப்பேன் சார்" என்றார். முக்காலி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது.

அன்றிலிருந்து உள்ளடையாளம் கேட்கிறார். டிரம்மைத் திறப்பதற்கு முன்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர் சொல்ல வேண்டும். அடிப்பவர்கள் எல்லாருமே உள்ளே எதையாவது வைத்திருப்பார்கள்: கண்படாமலிருக்க மந்திரித்த கயிறு, சாமி படம், கோயில் திருநீறு. சொன்னது இருந்தால் வேலை நடக்கும். இல்லாவிட்டால் திருகுகளைத் திரும்ப மாட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி 'எடுத்துட்டுப் போங்க' என்பார். பாலவனத்தம் மருதுபாண்டி செத்த பல்லி ஒன்று கிடக்கும் என்று அடித்துச் சொன்னாராம். கிடந்தது. அவருக்கு இன்றைக்கும் அங்கே தனி மரியாதை.

மல்லாங்கிணற்றிலிருந்து வேணி வந்த அன்று நானும் இருந்தேன். அது அவருடைய நிஜப்பெயர் இல்லை. மல்லாங்கிணறும் அவருடைய ஊர் இல்லை. பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேனா என்று அச்சுக்குப் போகுமுன் சௌடையா என்னை வாசித்துக் காட்டச் சொன்னார்.

வேணி தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். புருஷன் காளீஸ்வரன் தறி ஓட்டுவார், முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் சைடு டிரம். போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பரணில் கிடந்த டிரம்மைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் வேணி. மகள் பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்திருக்கிறாள். அப்பா டிரம்மைத்தான் அடிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். செருப்பு விசாரணை முடிந்தது. உள்ளடையாளம் கேட்டார் சௌடையா.

வேணி யோசிக்கவே இல்லை. டிரம்மின் உள்சுவரில் திருச்சுழிக் கோயில் திருநீற்றுப் பொட்டலம் ஒட்டியிருக்கும். மேல்தோலுக்கு அடியில் ஊதாநிறத் துணிப்பட்டை குறுக்கே ஓடும். பித்தளை டிரம் அடித்து முடித்த பிறகும் கிண்ணென்று இழுக்குமே, அதை அடக்க அப்படியொரு பட்டையை இழுத்துக் கட்டுவார்கள். "எங் கல்யாணச் சேலைய நானே கிழிச்சுக் குடுத்தேன் அண்ணாச்சி. ராத்திரி அவரு அடிச்சுப் பழகையில, எஞ் சேலதான் சத்தத்தப் பிடிச்சு வச்சிருக்குன்னு சொல்லுவாரு." சொல்லும்போது முகம் மலர்ந்தது. ஒரு வருடமாக அந்த வார்த்தையை வைத்துத்தான் அவர் நாட்களை ஓட்டுகிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது.

திருகுகள் துண்டுக்கு வந்தன. வளையத்தைக் கழற்றி, தோலைத் தம் பக்கமாகச் சாய்த்துத் தூக்கினார் சௌடையா. நான் அவர் பக்கம் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் தெரிந்தது. திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. ஆகவே டிரம் காளீஸ்வரனுடையதுதான். பட்டையும் இருந்தது. மாம்பழ மஞ்சள். இரண்டு ஓரத்தையும் மடித்து, சிவப்பு நூலில் பொடித் தையல் போட்டிருந்தது. வேறு யாரோ ஒருத்தி மடியில் வைத்து, பொறுமையாகத் தைத்துக் கொடுத்தது.

சௌடையா தோலைத் திரும்ப டிரம்மின் மேலேயே மூடிவிட்டார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொய்யைத் தேடிக்கொண்டிருந்த மனிதர் கைக்கு வசமாக ஒன்று கிடைத்திருந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. "தாயி, பின்கட்டுல சௌடம்மா இருப்பா. ஒரு செம்பு தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றார்.

வேணி அவரைப் பார்த்தார். எழுந்து போனார்.

மஞ்சள் பட்டை சௌடையாவின் இடுப்பு மடிப்புக்குள் போனது. கழிவு நூல் கூடையைக் கிளறி, ஊதா நூலில் ஒரு சிட்டிகை பிய்த்து, தரைத் தூசியில் புரட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பழக்கமில்லாத வேலை. ஒரு வாரமாக என் பொறுமையைச் சோதித்த அந்த மனிதர் மேல் எனக்கு முதன்முறையாகப் பிரியம் வந்தது.

வேணி செம்போடு வந்தார். பட்டை இற்றுப்போய்விட்டது, தொட்டதும் பொடியாகக் கொட்டிவிட்டது, இதுதான் மிச்சம் என்று சொல்லி நூலை நீட்டினார் சௌடையா. "ஊதாதான் தாயி. நீங்க சொன்ன அதே ஊதா."

தறிக்காரன் பெண்டாட்டி. இன்றைக்கு அறுந்த நூல் எது, ஆண்டுக்கணக்கில் கிடந்த நூல் எது என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் வேணி அந்த நூலைப் பார்க்கவே இல்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களப் பத்தி எல்லாரும் ஒன்னுதான் சொல்லுவாக அண்ணாச்சி. ஆள எந்திரிக்க விடமாட்டாருன்னு" என்றார். "என்னைய மட்டும் தண்ணிக்கு அனுப்பிட்டீக."

சௌடையாவின் கை மெதுவாக இடுப்பு மடிப்புக்குப் போனது.

"வேணாம்" என்றார் வேணி. "என்ன கலருன்னும் சொல்லாதீக."

திறந்துகிடந்த டிரம்மைப் பார்த்தார். அழவில்லை. பிறகு கட்டியிருந்த நூல் சேலையின் முந்தானையை இழுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, நெடுக ஒரு பட்டை கிழித்தார். "இதக் கட்டுங்க. எம் மக அடிக்கையில இது உள்ள கெடக்கட்டும்."

சௌடையா அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். டிரம்மின் வாய்க்குக் குறுக்கே போட்டார். பட்டையின் ஒரு முனையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுமுனையை வேணியிடம் நீட்டினார்.