கிளினிக்குக்குக் காவலிருந்த நீல நோட்டு

சென்ற ஆண்டு சிங்கப்பூர் பிடோக்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது இது. நான் இருபது வருடங்களுக்கு மேல் ராணுவத்தில் இருந்தவன், சார்ஜனாக ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் முகாம் வாசலில் காவல். நாசூக்காக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்காகக் கீழே ஒரு கிளினிக் வரப்போகிறது என்று பலகை வைத்தார்கள். முழங்கால் வலி, முதுகு வலி, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு, எல்லாம் அங்கேயே. தகரத் தடுப்பு போட்டு இடத்தை அடைத்தார்கள். அதோடு சரி. சொன்ன மாதம் வந்தது, போனது. பலகையில் மாதத்தின் பெயர்மேல் ஒரு தாளை ஒட்டி வேறு மாதம் எழுதினார்கள். பிறகு அந்தத் தாளின் மேல் இன்னொரு தாள்.

பக்கத்து புளோக்கில் தனியாக இருக்கும் பாய் என் நண்பர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். காலில் சர்க்கரைப் புண். வாரம் மூன்று முறை இரண்டு பஸ் மாறிப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். பலகை வைத்த புதிதில் நான்தான் அவரைத் தடுத்தேன்.

“எதுக்கு பாய் அலையுறீங்க? அடுத்த மாசம் இங்கயே தொறந்துடுவாங்க லா. அதுவரைக்கும் வீட்டுலயே கட்டிக்குங்க.”

“சார்ஜன் சொன்னா ஆர்டர்,” என்றார் அவர். அன்றோடு பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டார்.

தேதி தள்ளிப்போகப் போக எனக்குச் சந்தேகம் முற்றியது. இடத்தை டியூஷன் சென்டருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று காப்பிக்கடையில் பேச்சு. வெள்ளை வேனில் வருகிறவர்கள் தடுப்புக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார்கள். கேட்டால் சிரிப்புதான்.

தேக்கா கடைத்தெருவுக்குப் போய் ஒரு நீல அட்டை நோட்டு வாங்கினேன். தினமும் எட்டு மணி முதல் பதினொன்று வரை தடுப்புக்கு எதிரே கல்மேசையில் உட்கார்ந்து, முகாம் வாசலில் எழுதியது போலவே எழுதினேன். யார் வந்தாலும் நேரம், ஆள், கையில் என்ன. எனக்குத் துணையாக வந்து உட்காரும் பாய்க்கும் விலக்கு கிடையாது. எழுதியதை ஆராய்வது மேலே இருப்பவர்கள் வேலை. எழுதுவது எங்கள் வேலை. அப்படித்தான் பழக்கம்.

நாலு மாதம் கழித்துக் குடியிருப்பாளர் கூட்டம். வட்டார அலுவலகத்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். கட்டட ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார், கழிவுநீர்க் குழாய் குறுக்கே போகிறது, தாமதம் எங்களுக்கும் கவலையாகத்தான் இருக்கிறது என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை மேசையில் ஓங்கி அடித்தேன்.

“என்னய்யா கவலை? நாலு மாசமா ஒரு சிமெண்ட் மூட்டை உள்ள போகல. எல்லாம் இதுல இருக்கு. எடத்த யாருக்குக் குடுத்தீங்க, அத சொல்லுங்க!”

பின்வரிசையில் கை தட்டினார்கள். அதிகாரிகளில் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும், நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். கூட்டம் கலைந்த பிறகும் படித்தாள். ஏதாவது பக்கத்தைக் கிழித்துவிடுவாளோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

“அங்கிள், இந்த பாய் யாரு?”

“என் ஃப்ரெண்டு. அவர் எதுக்கு உங்களுக்கு? சிமெண்ட்ட பத்திப் பேசுங்க.”

“நீங்கதானே எழுதியிருக்கீங்க,” என்று விரல் வைத்துக் காட்டினாள்.

பாய், 8.10. பாய், 8.10. சில பக்கங்கள் தள்ளி, பாய், 8.30, ஒரு காலில் மட்டும் ஷூ. பிறகு 8.50, குடையை ஊன்றி. 9.15, வழியில் இரண்டு முறை உட்கார்ந்தார். எல்லாம் என் கையெழுத்து.

“இந்த வாரம் அவர் பேரே இல்லையே. போய்ப் பாத்தீங்களா?”

நான் போகவில்லை. வேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளும் என்னோடு வந்தாள். வெகுநேரம் தட்டிய பிறகு பாய் சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. வாசலிலேயே புண்ணின் நாற்றம் அடித்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

“என்ன சார்ஜன், கிளினிக் தொறந்துட்டாங்களா?”

அதற்குள் அவள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டாள். மருத்துவமனையில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

தடுப்பு இன்னும் அப்படியே நிற்கிறது. அந்த அலுவலகத்தை நான் இன்றும் நம்பவில்லை. அதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். “எழுதறத நிறுத்தாதீங்க அங்கிள்,” என்றாள். எழுதுகிறேன். ஆனால் பாய் வந்து உட்கார்ந்ததும் முதலில் ஷூவைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கிறேன், பிறகுதான் நோட்டைத் திறக்கிறேன். வேனில் வந்தவன் போனவன் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், என் வாயால் கொடுத்த அந்த ஒரு ஆர்டரைத் திரும்பப் பெற வேண்டும் என்று நினைக்கவே இல்லையே என்பது, பாய் நொண்டி நடந்து வரும் ஒவ்வொரு காலையிலும் என்னை உறுத்துகிறது.