மாப்பிள்ளை பெயரில் ஓடிய கொரிய நாடகம்

எங்கள் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் சுங்கை லாலாங்கில் ஒரு பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறார். ஒரு மணி நேர நாடகத்தைப் பார்த்து முடிக்க அவருக்கு மூன்று சாயங்காலம் பிடிக்கும். அவர் பார்ப்பது கொரிய நாடகம். அந்தப் பேச்சு புரியாது, கீழே ஓடும் மலாய் வரிகள்தான் துணை. தோட்டத்துப் பள்ளியில் படித்த மலாய் அவ்வளவு வேகமாக ஓடாது. அதனால் போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்து, ஒரு வரி வந்ததும் விரலால் தட்டி நிறுத்துவார். வாய்விட்டுப் படிப்பார். புரிந்ததும் மறுபடி தட்டுவார்.

"மலாய்ல சக்சின்னு போட்டான். யோசிச்சுப் பார்த்தா நம்ம சாட்சிதான்!" என்று ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிச் சொன்னார்.

கூடத்து டிவியில் அவர் இஷ்டத்துக்கு எதையும் பார்த்ததில்லை. கணவர் இருளப்பன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், பந்து விளையாட்டுப் பிரியர். அவர் விட்டால் பிள்ளைகள். எல்லாரும் தூங்கப் போனால் மழை வந்துவிடும். மழை வந்தால் கூரைமேல் இருந்த டிவி ஆன்டெனாத் தட்டு வேலை செய்யாது.

மகன் காளிதாசன் ஜொகூரில் வேலைக்குப் போனதும் அந்தத் தட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, குடும்பம் முழுக்கப் பார்க்க இணையத்தில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தான்.

"படம் எல்லாம் கிளவுட்ல இருக்கும்மா. மேகம் மாதிரி. எங்கேர்ந்தும் பாக்கலாம்."

"நல்ல கூத்துடா! முன்ன மேகம் வந்தா படம் போயிடும். இப்ப மேகத்துலேயே படமா?"

வம்பு அந்தக் கணக்கில்தான் தொடங்கியது. அதில் ஐந்து பெயருக்குத்தான் இடம். காளிதாசன், லூனாஸில் இருக்கும் மகள் ஷாமளா, அவள் கணவர் சிவநேசன், பேத்தி ரூபினி, அப்பா இருளப்பன். பிச்சையம்மாள் கணவர் பெயரில்தான் பார்த்து வந்தார். ஒரு மதியம் இருளப்பன் ஏதோ சண்டைப் படம் என்று நினைத்து அந்த நாடகத்தை டிவியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனார். அது தன்பாட்டுக்கு அடுத்த பகுதி, அதற்கடுத்த பகுதி என்று ஓடித் தீர்ந்தது. சாயங்காலம் பிச்சையம்மாள் போனைத் திறந்தார். நேற்று வரை முதல் வழக்கில் வாதாடிக்கொண்டிருந்த பெண் வக்கீல் கையில் குழந்தையோடு நின்றாள்.

"ஏங்க, இது யாரு புள்ள? இவளுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நான் தூங்கிட்டேன்லா."

அன்றைக்கே மகனைக் கூப்பிட்டுவிட்டார். "எனக்குத் தனியா ஒரு பேர் வேணும். நான் விட்ட எடத்துல அது எனக்காக நிக்கணும்."

"யாராச்சும் ஒருத்தர் பேர எடுக்கணும்மா. ரூபினி?"

"பாட்டு இல்லாம அது வாயத் தொறக்காது. சோறு எப்படி ஊட்டுறது?"

"அப்பா?"

"என் வீட்டுலேயே என் பேர எடுப்பீங்களோ?" என்றார் இருளப்பன், பக்கத்திலிருந்து.

பணம் கட்டும் காளிதாசனையும் தினமும் பார்க்கும் ஷாமளாவையும் விட்டால், மிச்சம் இருந்தது 'மாப்பிள்ளை'. கல்யாணம் முடிந்ததும் மரியாதைக்காகக் காளிதாசன் போட்டு வைத்த பெயர், பக்கத்தில் ஒரு சிங்கத்தின் முகம். சிவநேசன் ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. கூலிமில் தொழிற்சாலை வேலை, லீவு கிடைத்தால் தூண்டிலோடு ஆற்றங்கரை. ஆனாலும் அதை எடுக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்ட இலையை அவர் சாப்பிடவில்லை என்பதற்காக எடுத்துவிட முடியுமா?

"அது ஆகாது. நாளைக்குச் சம்பந்தி வீட்டுல பேச்சு வரும்" என்று பிச்சையம்மாளே முடித்துவிட்டார்.

ஆனால் எடுப்பதுதானே தப்பு? மறுநாளிலிருந்து சத்தமில்லாமல் சிங்கத்தைத் தொட்டு உள்ளே போனார். நாடகத்தை முதலிலிருந்து போட்டார். தினமும் விட்ட இடத்தில் வக்கீல் அப்படியே காத்திருந்தாள்.

சில வாரம் சுகமாகப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமளா போன் செய்தாள்.

"ம்மா, உங்க மருமகன் பண்ற வேலையப் பாத்தீங்களா? ரூபினிக்குப் பாட்டுப் போடலாம்னு டிவியத் தொறந்து கை தவறி அவர் பேர அமுக்கினா, வரிசையா கொரியாக்காரிங்க! ஷிப்டுக்குப் போறாரா இதப் பாக்கப் போறாரா? கேட்டா, ஆத்தா சத்தியமா நான் இல்லங்குறார். அவர் பேர், அவர் சிங்கம். வேற யாரு? ரெண்டு நாளா நான் பேசல."

பிச்சையம்மாள் இரண்டையும் எடை போட்டுப் பார்த்தார். சொன்னால் மானம் போகும், கிடைத்த இடமும் போகும். வக்கீலின் பெரிய வழக்கு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. சொல்லாவிட்டால் மகள் வீட்டில் சண்டை.

"ஷாமளா, அந்தக் கொரியாக்காரி என்னோட ஆளு."

"என்னது?"

"நான்தான்டி பாக்குறேன்."

அந்தப் பக்கம் ஷாமளா விழுந்து விழுந்து சிரித்தாள். போன் கை மாறியது. மாப்பிள்ளை குரல் கேட்டதும் பிச்சையம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். போனில் என்றாலும் அவர் அப்படித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. இடம் சும்மா கெடந்துச்சு..."

"அலாமா, அத்தை! எனக்கு அங்க ஒரு இடம் இருக்குறதே ரெண்டு நாளைக்கு முன்ன திட்டு வாங்கித்தான் தெரியும். நீங்களே வச்சுக்குங்க. இப்பவே பேர மாத்திடறேன். 'அத்தை'ன்னு போடவா?"

பிச்சையம்மாள் கொஞ்சம் யோசித்தார். வீட்டில் அம்மா, லூனாஸில் அத்தை, கேண்டீனில் அக்கா.

"பிச்சையம்மாள்னு போடுங்க மாப்பிள்ளை. முழுசா."

"சிங்கம்?"

"அது இருக்கட்டும்."

அடுத்த வாரம் அவர்கள் விருந்துக்கு வந்தார்கள். சாப்பிடும்போது சிவநேசன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அத்தை, எதுக்காகத் திட்டு வாங்கினோம்னு தெரிஞ்சுக்கலாமேன்னு முதல் பகுதி மட்டும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. இப்ப எனக்குத்தான் இடமில்ல. உங்க பேர்ல பாத்துக்கட்டுமா?"

மாப்பிள்ளை கேட்டு அந்த வீட்டில் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. இருளப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

பிச்சையம்மாள் எழுந்து அவர் இலையில் இன்னொரு கரண்டி ஆட்டிறைச்சி வைத்தார்.

"நீங்க மளமளன்னு பாத்துட்டுப் போயிடுவீங்க மாப்பிள்ளை, என் இடம் நகந்துடும். மாமா பேர்ல பாருங்க. அங்க எல்லாம் ஏற்கெனவே கொழம்பித்தான் கெடக்கு."